மடியில் களவுப் பிள்ளையார்

குற்றம் என்பது சட்டத்தால் விலக்கப்பட்டதும், செய்தால் தண்டனைக்கு உரியது என வகுக்கப்பட்டதுமான ஒரு செயல். எட்டாம் வகுப்புச் சமூக அறிவியலில் இந்த வரையறையைக் கரும்பலகையில் எழுதி, அடிக்கோடிட்டு, உதாரணம் சொல்லுங்கள் என்று திரும்பினால், வகுப்பு முழுவதும் திருட்டு, திருட்டு என்றுதான் கூவும். அத்தனை குற்றங்கள் இருக்க ஏன் எல்லோரும் திருட்டிலேயே போய் விழுகிறீர்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் கேட்பேன். ஓய்வு பெற்ற பிறகு இன்று எனக்கு விடை தெரிகிறது. திருட்டுக்குக் கனம் இருக்கிறது. அதைக் கையால் தொடலாம். என்னுடையது ஒரு நடுத்தரப் பரங்கிக்காய் அளவில், கருங்கல்லில், பூப்போட்ட துவாலை சுற்றி, என் மடியில் உட்கார்ந்திருக்கிறது. ஆட்டோ ரயில்வே கேட்டின் முன்னால் நிற்கிறது. கேட் மூடியிருக்கிறது. முழங்காலுக்குக் கீழே எனக்குக் கால்கள் இருக்கின்றனவா என்பது சற்று நேரமாகவே தெரியவில்லை. சிறிது நேரம் கீழே வைக்கலாமா என்று கேட்டுவிட்டேன்; பக்கத்தில் இருந்த துளசிமணி பதறிப்போய், "ஏனுங்க டீச்சர், இப்படிப் பண்றீங்க? தரையில வச்சா அங்கயே உக்காந்துக்குவாரு. அப்புறம் ரயில்வே கேட்டுலதான் நாம கோயில் கட்டோணும்" என்றாள். முன்னால் ஓட்டுநரின் பக்கத்தில் அரை இருக்கையில் தொங்கிக்கொண்டிருந்த சென்னியப்பன், "கட்டலாமே, கூட்டத்துக்குக் குறைவிருக்காது" என்றார். எனவே வைக்கவில்லை. களவாடிய பிள்ளையார் போய்ச் சேரும் இடம் வரை மண்ணைத் தொடக் கூடாது. இது சட்டத்தில் இல்லை. ஆனால் இந்த ஆட்டோவுக்குள் சட்டத்தைவிட உறுதியான விதிகள் பல இருக்கின்றன என்பதை மதியத்திலிருந்து கற்றுக்கொண்டு வருகிறேன்.

நாளைக் காலை எங்கள் பொன்வயல் கார்டனின் மூலை மனையில், புதிதாகக் கட்டிய சிறு கோயிலில் பிள்ளையாரை அமர்த்துகிறார்கள். கோயில் இருக்கிறது, கலசம் இருக்கிறது, ஐயர் வருகிறார், பந்தல்கூடப் போட்டாகிவிட்டது. பிள்ளையார் மட்டும் இல்லை. மதியம் துளசிமணி என் வீட்டுக் கதவைத் தட்டி இதைச் சொன்னபோது, சிற்பிகளிடம் போய் ஒன்று வாங்கிவிடலாமே என்று நான் இயல்பாகச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், பெருக்கல் வாய்ப்பாடு தெரியாதவளை நான் பார்க்கும் பார்வை இருந்தது. "கடையில வாங்கின பிள்ளையாரு சும்மா உக்காந்திருப்பாருங்க டீச்சர். களவாண்டு வந்தவருதான் வேலை செய்வாரு. எல்லா ஊருலயும் அப்படித்தான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு எடம் பாத்து வச்சிருக்கறோம். ஒரு மடி குறையுது. என் முட்டியில ஆபரேசன் பண்ணியிருக்குது. நீங்க வாங்க. உங்களைப் பாத்தா ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டாங்க" என்றாள். இதை நான் மறுத்திருக்க வேண்டும். மறுப்பதற்குரிய சொற்கள் யாவும் வரிசையாக என் வாயில் நின்றன. நான் செய்ததோ, உள்ளே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, பீரோவிலிருந்து இருப்பதிலேயே நல்ல துவாலையை எடுத்து வந்ததுதான். ஏன் நல்ல துவாலை? இந்த இடத்தில் என் எண்ணம் ஒவ்வொரு முறையும் இடறுகிறது. திடீரென்று தூண்டப்பட்டுச் செய்ததற்கும் முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்ததற்கும் வேறுபாடு உண்டு என்று நானே பாடம் நடத்தியிருக்கிறேன். துவாலையைத் தேர்ந்தெடுத்தவள் திட்டமிட்டவள்தானே.

சரி, வகைப்படுத்துவோம். வகைப்படுத்தினால் மனம் அடங்கும்; முப்பது ஆண்டு அனுபவம். குற்றங்களில் உடலுக்கு எதிரானவை ஒரு வகை, உடைமைக்கு எதிரானவை ஒரு வகை, பொது அமைதிக்கு எதிரானவை, அரசுக்கு எதிரானவை, சமயத்துக்கு எதிரானவை. இதில் நாங்கள் எங்கே நிற்கிறோம்? உடைமை என்று வைத்துக்கொள்வோம். அசையும் பொருளை, அதை வைத்திருப்பவரின் சம்மதம் இல்லாமல், நேர்மையற்ற நோக்கத்துடன் இடம் பெயர்த்தால் திருட்டு. மண்ணோடு பொருந்தியிருக்கும் வரை அது அசையும் பொருள் அல்ல; பெயர்த்த நொடியில் ஆகிவிடும். இவர் அரசமரத்தடியில் சும்மா வைக்கப்பட்டிருந்தார். அடியில் பீடத்தோடு ஒட்டும் மருந்து சாத்தி இறுக்கவில்லை. அதைத்தான் சென்னியப்பன் முதலில் குனிந்து பார்த்து, "அசையறாருங்க" என்றார். ஆகவே அசையும் பொருள், சாட்சியும் உண்டு. வன்முறை சேர்ந்தால் திருட்டு வழிப்பறியாகும். நாங்கள் யாரையும் மிரட்டவில்லை. ஒரு நாய் குரைத்தது. ஆட்டோவின் சொந்தக்காரரும் ஓட்டுநருமான ஈசுவரமூர்த்தி அதற்கு ஒரு பொறை போட்டார். அது லஞ்சம், வேறு பிரிவு. ஐந்து பேரோ மேற்பட்டவரோ சேர்ந்து வழிப்பறி செய்தால் கூட்டுக்கொள்ளை. துளசிமணி, சென்னியப்பன், ஈசுவரமூர்த்தி, நான், நால்வர். நிம்மதியாக மூச்சு விட்டேன். பிறகு குனிந்து துவாலையின் மடிப்பைப் பார்த்தேன். தும்பிக்கையின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. இவரையும் சேர்த்தால் ஐவர். இந்த நினைப்பு வந்ததும் என் உடம்புக்குள் ஏதோ ஒன்று குலுங்கியது. அது சிரிப்பு என்பதைக் கண்டுகொள்ளச் சிறிது நேரம் பிடித்தது. வெளியே வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்தேன்.

ஆனால் இவர் பொருள்தானா? என் அண்ணன் வக்கீல். ஒரு முறை சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், கோயில் தெய்வம் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள் என்று. சொத்து வைத்திருக்கலாம், வழக்குப் போடலாம். ஆனால் அந்த ஆளுக்கு என்றைக்கும் வயது வராது, எப்போதும் மைனர்தான், காப்பாளர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று. அப்படியானால் இது திருட்டே அல்ல. காப்பாளரின் பொறுப்பிலிருந்து ஒரு மைனரைக் கடத்திக்கொண்டு போகிறோம். உடைமைக்கு எதிரான வகையிலிருந்து உடலுக்கு எதிரான வகைக்கு நாங்கள் ஒரே தாவாகத் தாவிவிட்டோம். இல்லை, முறைப்படி அமர்த்தப்பட்ட தெய்வத்துக்குத்தானே அது பொருந்தும்? மரத்தடியில் சும்மா இருந்தவர் இன்னும் ஆள் ஆகவில்லை. நாளைக் காலைதான் ஆவார். இன்று பொருள், நாளை ஆள். இடைப்பட்ட இந்த மாலையில், இந்தக் கேட்டின் முன்னால், இவர் யார்? துவாலை வழியாக அவருடைய வயிறு என் வயிற்றில் பட்டுக்கொண்டிருக்கிறது. வெயிலில் இருந்த கல் இன்னும் சூடு ஆறவில்லை. காய்ச்சல் கண்ட குழந்தையைப் போல இருக்கிறது. நான் என்னை அறியாமல் முழங்கால்களை ஆட்டிக்கொண்டிருந்தேன் போலும், துளசிமணி ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "தூங்கிட்டாருங்களா?" என்றாள்.

அப்போதுதான் ஈசுவரமூர்த்தி கண்ணாடியைப் பார்த்தபடி, "அக்கா, அந்த மொபெட்டு இன்னும் வருதுங்க" என்றார். பிள்ளையாரை எடுத்த கரட்டுப்புதூரிலிருந்து நாங்கள் கிளம்பிய சிறிது நேரத்திலேயே பின்னால் ஒரு சிவப்பு மொபெட் தென்பட்டது. தோட்டத்து வளைவில் மறைந்தது. வாய்க்கால் பாலத்தில் மறுபடி தெரிந்தது. ஓட்டி வந்தவர் ஒரு கையை ஆட்டிக்கொண்டே வந்தார். ஈசுவரமூர்த்தி வேகத்தைக் கூட்டினார். நாங்கள் தப்பிவிட்டோம் என்று நினைத்தோம். இப்போது கேட் எங்களைப் பிடித்து வைத்திருக்கிறது. எங்களுக்குப் பின்னால் ஒரு பால் வேன், அதற்குப் பின்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர், அதற்கும் பின்னால் அந்தச் சிவப்பு. முன்னால் இரும்புக் கம்பம். திரும்பிப் போக இடமில்லை. சென்னியப்பன், "இறங்கி ஓடிரலாமுங்களா?" என்றார். "மின்சார வாரியத்துல கம்பம் ஏறுன மனுசன், ஒரு பிள்ளையாரைத் தூக்கறதுக்குள்ள மூச்சு வாங்குச்சு. நீங்க ஓடறீங்களாக்கும்" என்றாள் துளசிமணி. "அவரு கனமுங்க. கம்பம் நின்ன எடத்துல நிக்கும்." அவர்கள் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. இதயம் காதில் அடித்தது. நாளைய செய்தித்தாளில் எப்படி எழுதுவார்கள் என்று தோன்றியது. ஓய்வுபெற்ற ஆசிரியை கைது. என்னிடம் படித்தவர்கள் இந்த மாவட்டம் முழுவதும் இருக்கிறார்கள். வங்கியில் இருக்கிறார்கள், பேருந்தில் எழுந்து இடம் தருகிறார்கள். பரீட்சைத்தாளின் ஓரத்தில் அரை மதிப்பெண்ணுக்குக் கூட நியாயம் தவறாதவள் என்பதுதான் எனக்கு இந்த ஊரில் உள்ள ஒரே பெயர். அந்தப் பெயரைத்தான் துளசிமணி இன்று இரவல் வாங்கியிருக்கிறாள். அது திரும்பி வராமலே போகலாம்.

ஆட்டோவின் இடப்பக்கம், என் கைக்கு எட்டும் தூரத்தில், ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. நான் முதலில் பார்த்தது பூட்ஸை. பிறகு காக்கிக் கால்சட்டையை. அதற்கு மேலே பார்க்கத் தேவையில்லை என்று கண்கள் தாமாகவே தாழ்ந்துகொண்டன. காவலர் தலைக்கவசத்தைக் கழற்றி முழங்கையில் மாட்டிக்கொண்டு, கூடைக்காரியிடம் வெள்ளரிப்பிஞ்சு வாங்கி, மிளகாய்ப்பொடி தடவச் சொல்லி, நிதானமாகக் கடித்தார். அந்தக் கடியின் ஓசை எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஈசுவரமூர்த்தியின் இருக்கையில் சென்னியப்பன் உட்கார்ந்திருப்பதே ஒரு குற்றம். மோட்டார் வாகனச் சட்டம். சிறு வகை, அபராதத்தோடு போகும். அவர் அதைக் கவனிக்கக் கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டேன். யாரிடம் வேண்டினேன் என்று யோசித்தபோதுதான், வேண்டப்பட்டவர் என் மடியிலேயே இருப்பது நினைவுக்கு வந்தது. இதற்கு எந்தப் பிரிவு? காவலர் குனிந்து உள்ளே பார்த்தார். துவாலையைப் பார்த்தார். என் நரைத்த தலையைப் பார்த்தார். "கொழந்தைக்கு மேலுக்குச் சரியில்லீங்களா?" என்றார். ஆட்டோவுக்குள் மூன்று பேர் மூச்சை நிறுத்தியது எனக்குத் தெரிந்தது. பொய் என்பது தனி வகை. அரசு ஊழியர் கேட்கும்போது தெரிந்தே பொய்யான தகவல் தருவது குற்றம். நான் பொய் சொல்பவள் அல்லள். "கொஞ்சம் சூடாக இருக்கிறது" என்றேன். அது உண்மை. "வெயில்ல கூட்டிட்டுப் போனீங்களாக்கும்" என்று அவர் கடிந்துகொண்டார். "வெயிலில்தான் இருந்தது. இப்போதுதான் நிழலுக்கு அழைத்துப் போகிறோம்" என்றேன். அதுவும் உண்மை. துளசிமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வலப்பக்கமாகத் திரும்பிவிட்டாள். அவளுடைய முதுகு குலுங்கியது. அவர் அதை அழுகை என்று எண்ணியிருக்க வேண்டும்; மிகுந்த இரக்கத்துடன் பாதி வெள்ளரிப்பிஞ்சை ஒடித்து என்னிடம் நீட்டி, "தண்ணி நெறையக் குடுங்க" என்றார்.

நான் அதை வாங்கிக் கடித்தேன். மிளகாய் காரமாக இருந்தது. வெளியில் ஆட்டோவில் உட்கார்ந்து, கைகழுவாமல், முன்பின் தெரியாதவர் கடித்ததில் மீதியைத் தின்பது என் வாழ்க்கையில் இதற்கு முன் நடந்ததில்லை. பொன்வயல் கார்டனில் நான் வீடு கட்டிக் குடிவந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. முதல் மாதத்தில், கோலப் போட்டிக்கு என்னை நடுவராக வைத்தார்கள். எல்லாக் கோலத்திலும் கோணல் இருந்தது, எனவே எவருக்கும் முதல் பரிசு தரவில்லை. அதன் பிறகு நான் தெருவில் வந்தால் பேச்சு தணியும். வணக்கம் டீச்சர் என்பார்கள். நான் கடந்து போன பிறகு பேச்சு மறுபடி எழும். பேச்சு மறுபடி எழும் அந்த ஓசையை நான் என் வாசற்படியில் நின்று கேட்டிருக்கிறேன். சாயங்காலம் அவர்கள் மூலை மனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நாற்காலி கூடுதலாக எப்போதும் கிடக்கும். அதில் ஒருவரும் என்னை உட்காரக் கூடாது என்று சொன்னதில்லை. உட்காருங்கள் என்றும் சொன்னதில்லை. ஒரு குற்றம் செய்வதற்குத்தான் என்னை முதன்முதலில் கூப்பிட்டார்கள். நான் போகாமல் இருந்திருந்தால் இன்னும் நேர்மையானவளாக, சன்னலுக்கு உள்ளே இருந்திருப்பேன். இதோ, துளசிமணியின் தோள் என் தோளை இடித்துக்கொண்டிருக்கிறது, சிரிப்பை அடக்க முடியாமல் அவள் என் கையைக் கிள்ளுகிறாள், வலிக்கிறது, அவள் கிள்ளுவதை நிறுத்திவிடுவாளோ என்று அஞ்சுகிறேன். காதில் அடிப்பது பயம் என்று இவ்வளவு நேரம் எண்ணியிருந்தேன். பயத்துக்கு இப்படிப் பாதம் தாளம் போடாது. மரத்துப்போன பாதம், தானாக, ஆட்டோவின் தகரத்தில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

மணி அடிக்கத் தொடங்கியது, ரயில் நெருங்கிவிட்டது. அந்த நேரத்தில் சிவப்பு மொபெட் பால் வேனுக்கும் காவலரின் வண்டிக்கும் நடுவே புகுந்து, என் முழங்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டி வந்தவள் ஐம்பது வயதுப் பெண். தலையில் துண்டு, முகமெல்லாம் புழுதி. "ஏனுங்க, எத்தனை தூரம் கத்திட்டு வர்றது, காது கேக்காதா? கரட்டுப்புதூருப் பிள்ளையாரைக் களவாண்டுட்டுப் போறது நீங்கதானுங்களே?" என்றாள். மென்று கொண்டிருந்த காவலரின் தாடை நின்றது. துளசிமணி வாய் திறந்தாள்; சென்னியப்பன், "எந்தப் பிள்ளையாருங்க?" என்று மிக மோசமாக நடித்தார். எனக்குள் ஒரு தெளிவு வந்தது. இவர்கள் மூவரும் பொய் சொல்லப் போகிறார்கள். அது இரண்டாவது குற்றம். நான் முந்திக்கொண்டேன். "ஆமாம். நாங்கள்தான். என் மடியில் இருக்கிறார்" என்று சொல்லித் துவாலையை விலக்கினேன். மாலை வெயில் அவர் நெற்றியில் விழுந்தது. காவலர் வெள்ளரிப்பிஞ்சை விழுங்கிவிட்டு, "கொழந்தைன்னீங்க?" என்றார். "குழந்தை என்று நீங்கள் சொன்னீர்கள், சூடாக இருக்கிறது என்று மட்டுமே நான் சொன்னேன்" என்றேன்.

அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஒத்துக்கறீங்களா? களவாண்டவங்க ஒத்துக்கலாமுங்களா? அப்புறம் என்ன களவு அது" என்றாள் உண்மையான வருத்தத்துடன். "உங்க ஆட்டோ ஊருக்குள்ள மூணு சுத்துச் சுத்தும்போதே தெரிஞ்சு போச்சுங்க. எங்க ஊருல புதுக் கோயிலு கட்டி, வேற பிள்ளையாரு வச்சாச்சு. இவரு மரத்தடியில சும்மா காயறாரு. யாராச்சும் வந்து எடுத்துட்டுப் போகட்டும்னு ஊரே கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்திருந்தோம். எங்க வீட்டுக்காரரு தும்மல் வந்து, வாயைப் பொத்திக்கிட்டாரு. இவ்வளவு பண்ணியும், அவசரத்துல இதை விட்டுட்டுப் போறீங்க. இது இல்லாம அவரு எப்படிங்க போவாரு, பஸ்ஸுலயா?" அவள் மொபெட்டின் முன்கூடையிலிருந்த சாக்கை விலக்கினாள். உள்ளங்கைக்கு அடங்கும் அளவில் ஒரு கல் மூஞ்சூறு, வாலைச் சுருட்டிக்கொண்டு, முகத்தைத் தூக்கிப் பார்த்தது. அதன் மேல் இன்னும் ஒரு செம்பருத்தி வாடி ஒட்டியிருந்தது. பூக்குவியலுக்குள் இருந்ததை நாங்கள் நால்வரும் பார்க்கவே இல்லை.

துளசிமணி பெருமூச்சு விட்டுச் சிரித்தாள். சென்னியப்பன் நெஞ்சைத் தடவிக்கொண்டார். எனக்கோ, சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஏமாற்றமாக இருந்தது. உடையவர் சம்மதம் இருந்தால் அது திருட்டே ஆகாது. ஊரே கதவைச் சாத்திச் சம்மதித்திருக்கிறது. என் வாழ்க்கையின் ஒரே குற்றம் ஒரு கூறு குறைந்து என் கண்ணெதிரே கலைந்துகொண்டிருந்தது. போதாததற்கு நானே ஒப்புக்கொண்டு கெடுத்தும்விட்டேன். மற்ற மூவரின் பிள்ளையாரும் என்னால்தான் இனிச் சும்மா உட்கார்ந்திருப்பாரோ? மறுபடி கோலப் போட்டியா? "கொடுங்கள்" என்று கை நீட்டினேன். அந்தப் பெண் கூடையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "நான் எப்படிங்க குடுக்கறது? குடுத்தா அது தானம். தானத்துல வந்ததும் களவுல வந்தவரும் ஒண்ணா உக்காருவாங்களா?" என்றாள். பிறகு என் முகத்தில் எதையோ கண்டவள்போலக் குரலை மாற்றி, "எனக்கு ரயிலு பாக்கறதுன்னா ரொம்ப இஷ்டமுங்க. பாக்க ஆரம்பிச்சா பக்கத்துல என்ன நடந்தாலும் தெரியாது" என்று சொல்லி, மொபெட்டை ஒருக்களித்து நிறுத்தி, முகத்தைத் தண்டவாளத்தின் பக்கம் திருப்பிக்கொண்டாள். காவலர் என்னைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், தலைக்கவசத்தை மறுபடி மாட்டிக்கொண்டு, "எனக்கும் இஷ்டந்தானுங்க" என்று அவரும் திரும்பிக்கொண்டார்.

ரயில் வந்தது. தரை அதிர்ந்தது, என் மடியில் பிள்ளையார் அதிர்ந்தார். பால் வேன்காரரும், டிராக்டர்க்காரரும், கூடைக்காரியும், ஆட்டோவின் மூவரும், வரிசையாக, பெட்டி பெட்டியாகப் போகும் ரயிலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மரத்தடியில் தூக்கியவர் சென்னியப்பன். என் மடியில் வைக்கப்பட்டபோது நான் பெற்றுக்கொண்டவள் மட்டுமே. இப்போது ஒருவரும் எனக்குப் பதிலாகக் கை நீட்டப் போவதில்லை. அசையும் பொருள். பிறர் வசம் இருப்பது. நோக்கம், இருக்கிறது, ஐயத்துக்கு இடமின்றி இருக்கிறது. ஒரு கையால் பிள்ளையாரை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மறு கையை ஆட்டோவுக்கு வெளியே நீட்டினேன். கூடையின் கம்பியில் வளையல் மோதிக் கிணுங்கியது. அந்தப் பெண்ணின் தோள் அசையவில்லை. விரல்கள் மூஞ்சூறின் முதுகைத் தொட்டன, கல் குளிர்ந்திருந்தது, பிடித்தேன், இழுத்தேன், முந்தானைக்குள் சொருகினேன். கடைசிப் பெட்டி கடந்தது. ஓசை அடங்கிய அமைதியில் அந்தப் பெண் கூடையைத் தடவிப் பார்த்து, ஊருக்கே கேட்கும்படி, "ஐயையோ, எலியைக் காணமே" என்றாள். அப்படியொரு மகிழ்ச்சியான ஒப்பாரியை நான் கேட்டதில்லை. காவலர் மிகுந்த கடமையுணர்வுடன், "புகார் குடுக்கறீங்களா?" என்றார். "யாரு மேலங்க குடுக்கறது? நான் ஆளைப் பாக்கவே இல்லியே."

கேட் மேலே எழுந்தது. வண்டிகள் உறுமின. துளசிமணி குனிந்து என் முந்தானைக்குள் எட்டிப் பார்த்து, "டீச்சர்" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஈசுவரமூர்த்தி, வண்டியை எடுங்கள்" என்றேன். "வேகமாக."